ஊஞ்சலுக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

வேளச்சேரிப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மார்கழி பிறந்தால் போதும், பிள்ளைகளைக் குரங்குக் குல்லா, ஸ்வெட்டர் என்று மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, "வெளிய விடாதீங்க மிஸ், பனி" என்பார்கள் அம்மாக்கள். சென்னையில் அந்த மாதம் விடிகாலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சொல்லப்போனால், பருவமழை ஓய்ந்ததிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்த ஊரில் பிள்ளைகளை நிம்மதியாக வெளியே விட முடியும். ஏப்ரலில் சறுக்குமரத்தில் உட்கார்ந்தால் தொடை பொரிந்துவிடும்.

போன ஜனவரியில் ஒருநாள் வட்டம், சதுரம் சொல்லித்தருவதாகத் திட்டம். அதற்குள் நாலு வயதுக்காரி ஒருத்தி ஊஞ்சலில் உட்கார்ந்து, பாவாடை நனைந்து, "ஆயாம்மா தண்ணி ஊத்திட்டாங்க!" என்று கத்தினாள். ஆயாம்மா சாமி மேல் சத்தியம் செய்தார். மழையாக இருக்கும் என்றான் ஒரு பையன். அவள் குனிந்து ஊஞ்சலுக்கு அடியில் மண்ணை அள்ளிக் காட்டினாள். காய்ந்த மண்.

அப்புறம் வட்டமாவது சதுரமாவது. மொத்தக் கூட்டமும் துப்பறியக் கிளம்பிவிட்டது. கேட் கம்பி ஈரம். வெளியே நின்ற என் ஸ்கூட்டர் சீட்டில் விரலால் படமே போட முடிந்தது. புங்கமரத்தடி இரும்பு பெஞ்சு மட்டும் காய்ந்திருந்தது.

மேகமில்லாத ராத்திரியில் வானம் பார்த்துக் கிடக்கும் இரும்பு, தன் சூட்டை விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் அதில் நீராகப் படியும். மரத்தடியில் இருப்பதை இலைகள் அவ்வளவு குளிரவிடாது. இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அப்படியே ஒப்பித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இந்த வயதில் எங்கே நனைகிறது, எங்கே நனையவில்லை என்று தொட்டுப் பார்ப்பதே பெரிய பாடம் என்பது என் கட்சி.

தட்டு வைத்து ஆயாம்மாவைப் பிடிக்கலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சாயங்காலம் ஊஞ்சல் பக்கம் ஒரு எவர்சில்வர் தட்டு, மரத்தடியில் ஒன்று. மறுநாள் காலை முதல் தட்டில் முத்து முத்தாக நீர். மரத்தடித் தட்டில் காக்கா எச்சம் மட்டும்.

"ஆயாம்மாவுக்கு ராத்திரி மரத்தடிக்குப் போக பயம் மிஸ். அதான் அங்க ஊத்தல" என்றான் பையன்.

ஆயாம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தட்டைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.