அப்பாவின் படத்தோடு குளுவாங் வரை

அப்பாவின் திதி இந்த ஆண்டு ஒரு சனிக்கிழமையில் வந்தது. விடுப்பு எடுக்காமலேயே மலேசியாவின் குளுவாங்கிலுள்ள எங்கள் வீட்டில் இருக்க முடியும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்த அன்றே மகிழ்ந்தேன். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமையும் அதற்கு முந்தைய நாள்தான் என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பள்ளி நாட்காட்டியைத் தேடிப் பார்ப்பார் இல்லை.

இம்முறை வெறுங்கையோடு போகவில்லை. அப்பா இறந்த மூன்று ஆண்டுகளாக அம்மா படையல் போடும்போது அடையாள அட்டையிலிருந்து எடுத்த கட்டைவிரல் அளவுப் படத்தைத்தான் விளக்கருகே சாய்த்து வைத்திருந்தார். சித்தப்பாவின் பழைய பெட்டியிலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளின் கைப்பிடியில் பால் வாளியை மாட்டியபடி, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் புறப்படும் நேரத்து அப்பா. சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் கொடுத்து, கறைகளை நீக்கி, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சட்டமிடச் சொன்னேன். மூன்று வாரம் ஆயிற்று. இருபது அங்குல உயரம் இருந்த அந்தச் சட்டத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, செய்தித்தாள் வைத்துக் கட்டி, ஒரு கையில் அதையும் மறு கையில் பையையும் எடுத்துக்கொண்டு ஜூரோங்கிலுள்ள அலுவலகத்திலிருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன்.

கிராஞ்சியில் இறங்கி 170ஆம் எண் பேருந்தில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போவது என் வழக்கம். தெப்ராவ் ரயில் உட்லண்ட்ஸிலிருந்து ஐந்தே நிமிடத்தில் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் விட்டுவிடும். ஆனால் அந்த வாரத்துச் சீட்டுகள் நான் தேடிய நாளுக்கு முன்பே தீர்ந்திருந்தன. சோதனைச்சாவடியில் குடிநுழைவு முடிந்து படியிறங்கியபோது மணி எட்டேகால். அடுத்த பேருந்தில் ஏற வரிசையில் நின்றபோது, வரிசையின் தலை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஒன்பது மணிக்கு ஏறினேன். இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தின் நடுவில் பேருந்து நின்றது. நின்றது என்றால் அரை மணி நேரத்துக்கு மேல், ஒரு சக்கரம் கூடச் சுழலாமல் நின்றது.

1924இல் திறக்கப்பட்ட இந்தக் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லை இது. என் வீட்டுக்கு இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த நூறையும் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். இந்த ஒன்றைக் கடக்கத்தான் மாலைப் பொழுது முழுவதும் போகிறது. இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இன்னும் இது எனக்குப் பழகவில்லை, பழக வேண்டிய ஒன்று என்றும் நான் நினைக்கவில்லை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்குக் கட்டப்பட்டுவரும் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் என்கிறார்கள். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவையும் முடித்துவிடலாம் என்கிறார்கள். அம்மா நல்ல நடையுடன் இருக்கும்போதே அதில் ஒருமுறை அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்து வர வேண்டும் என்பது என் ஆசை.

ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டதும் பலரும் இறங்கி நடந்தார்கள். நானும் இறங்கினேன். ஒரு பக்கம் பெரிய தண்ணீர்க் குழாய்கள், மறுபக்கம் புகை கக்கும் மோட்டார் சைக்கிள்கள். பின்னால் வந்த ஒரு பையன், "அக்கா, பைய எங்கிட்ட குடுங்க, நீங்க அதப் பத்திரமாப் புடிச்சிக்குங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். ஸ்கூடாய்க்காரன். துவாஸில் வேலை. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, தினமும் இந்த எல்லையைத் தாண்டிப்போய்த் தாண்டி வருகிறானாம். மாதம் ஒருமுறை அனுபவிக்கும் எனக்கே இவ்வளவு ஆற்றாமை இருக்கும்போது, அவன் அதை ஒரு குறையாகவே சொல்லவில்லை.

மலேசியப் பக்கத்துக் கட்டடத்தில், மேலே ஏறும் மின்படியின் அடியில் நெரிசல். முன்னால் நின்றவருடைய தள்ளுபெட்டி சரிந்து வந்து என் முழங்காலில் இடித்தது. நான் தடுமாறி, சட்டத்தின் மூலையை இரும்பு விளிம்பில் மோதிவிட்டேன். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேட்டியைப் பிரித்துப் பார்க்கத் துணியாமல், அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்தை அடைந்தபோது மணி பதினொன்றேகால். குளுவாங் செல்லும் கடைசிப் பேருந்து போயிருந்தது. தம்பியை அழைத்தேன். "அங்கேயே வெளிச்சத்துல இரு அக்கா, நான் வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவனுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் கட்டை அவிழ்த்தேன். அப்பாவின் இடது காதுக்கு மேலே தொடங்கி, தோள் வழியாகச் சென்று, பால் வாளியின் விளிம்புவரை ஒரே கோடாக விரிசல் ஓடியிருந்தது. முகத்தில் படவில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோட்டைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

2006இல் நான் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தபோது என்னைக் கொண்டுவந்து விட்டவர் அப்பாதான். குளுவாங் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் அதே இருக்கையில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் வரை வரலாம். இடையில் குடிநுழைவுக்காக இறங்கி ஏறியதோடு சரி. 1938 முதல் காப்பி விற்கும் அந்த நிலையத்துக் கடையில் எனக்கு ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்று அப்பா சொன்னதும், பிறகு நான் மிச்சம் வைத்த காப்பியைக் குடித்ததும் நினைவிருக்கிறது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் நின்றது. அன்றைய ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்ற படத்தை நாளிதழில் பார்த்துவிட்டு அப்பா தொலைபேசியில் கேட்டது, "இனிமே நீ எப்படிம்மா வருவ?" என்பதுதான்.

தம்பி வந்தபோது ஒரு மணி. இருவரும் அதிகம் பேசவில்லை. சிம்பாங் ரெங்கம் நெருங்கும்போது பின்சக்கரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. சாலையோரத்தில் நிறுத்தி, நான் கைப்பேசி விளக்கைப் பிடிக்க, அவன் சக்கரத்தைக் கழற்றினான். நான்கு திருகாணிகள் இளகின. ஐந்தாவது அசைய மறுத்தது. லாரிகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி அதிர்ந்தது. அவன் மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் தூங்க, என் அண்ணன் போல் நின்று என் பொருட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் குனிந்திருந்த தம்பியைப் பார்த்தபோது, பதினொரு மணிக்கே ஜொகூர் பாருவில் ஒரு விடுதி அறை எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நெடுஞ்சாலைச் சுற்றுக்காவல் வண்டி ஒன்று வந்து நின்று, அதிலிருந்தவர் நீளமான குழாயைத் திருகியில் மாட்டி ஏறி மிதித்தபின்தான் அந்த ஐந்தாவது இளகியது.

மூன்று இருபதுக்கு வீடு. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டியா?" என்றார். சோறும் ரசமும் சூடாகவே இருந்தன. எத்தனை முறை சூடாக்கினார் என்று நான் கேட்கவில்லை. படத்தைக் காட்டினேன். விரிசலை அவர் பார்க்கவே இல்லையோ என்று எண்ணும்படி நெடுநேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் கட்டிட்டு வந்த வருசத்துச் சைக்கிளு" என்றார்.

திதி குறையில்லாமல் நடந்தது. உடைந்த கண்ணாடியோடு படைப்பது ஆகாது என்று பெரியம்மா சொன்னதால், தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் படத்தையே வைத்தான். மதியத்துக்குப் பின் உறவினர்கள் கலைந்ததும் அம்மாவுக்கு வங்கி அட்டை மாற்றுவது தவிர மற்ற எல்லாம் முடிந்தது: கண் மருந்து வாங்கினோம், கூரையில் ஒழுகும் இடத்துக்கு ஆள் பிடித்தோம், மாலை ஏழு மணிக்கு மூடவிருந்த கடையில் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கினோம். கடைக்காரர் மூலையில் நசுங்கியிருந்த சட்டத்தையும் மாற்றச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியது எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெரிய நன்மை. தம்பி தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பள்ளி இருக்கும், நான் தனியாகப் பேருந்து ஏறுவேன். இம்முறை அவனே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை நெருங்கும்போது தலைவலி மாத்திரைக்காகப் பையைத் துழாவினேன். கடப்பிதழ் இல்லை. இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் மடியில் கொட்டிப் பார்த்தேன். அம்மாவை அழைத்தால், முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிள்ளைங்க எடுத்து விளையாடிச்சு. அதான் அலமாரியில என் சேலைக்கு அடியில வச்சேன். சொல்ல மறந்துட்டேம்மா."

அவர் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும், என் பதற்றத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வண்டியைத் திருப்பினோம். மழை பிடித்துக்கொண்டது. வீட்டு முனையில் திரும்பியபோது, அம்மா கேட்டுக்கு வெளியே குடையுடன் நின்றிருந்தார். கடப்பிதழை நெகிழிப் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தார். நான் இறங்கினேன். ஐந்து மணிக்கு விடைபெற்றபோது பெரியம்மா, பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என எல்லோருக்கும் நடுவே அம்மாவின் கையை ஒருமுறை தொட்டதோடு சரி. இப்போது குடைக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் தோள் என் நெஞ்சுக்கு மேல் எட்டவில்லை. எப்போது இவ்வளவு சிறியவரானார் என்று தெரியவில்லை. தம்பி வண்டியை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.

திரும்பும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜொகூர் பாருவில் வரிசை, உட்லண்ட்ஸில் வரிசை, கிராஞ்சியில் கடைசி ரயில்களில் ஒன்று. அறைக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தம்பி எனக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தான். அம்மா தூங்கவில்லை என்பது தெரிந்ததால் அழைத்தேன்.

"வந்துட்டேம்மா."

"சரிம்மா. தம்பி இப்பதான் ஆணி அடிச்சு மாட்டினான். கொஞ்சம் கோணலா இருக்குன்னு ரெண்டு தடவ இறக்கி மாட்டச் சொன்னேன். இப்ப நேரா இருக்கு."