வெறும் மழைதான்

"வெறும் மழைதான் ஆத்தா" என்று சொன்னது நான்தான். 2024 நவம்பர் 20, காலை ஒன்பது மணி இருக்கும். போனில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "தாயி, கூண்டு ஏத்தியிருக்காகளா?"

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றவில்லை. அன்று புயல் எதுவும் இல்லை. இருப்பதைத்தான் சொன்னேன். அந்த ஊர் வி.ஏ.ஓ. நான்; சொல்லிவிட்டு முதியோர் பென்ஷன் மனுக்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

நண்பகலை ஒட்டி மூன்றே மணி நேரத்தில் பாம்பனில் 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்றைய கணக்கு 41 செ.மீ. ஆத்தா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பக்கத்துப் பையன்கள் ஆளைத் தூக்கி வந்துவிட்டார்கள். கருவாட்டு மூட்டை நான்கும் போச்சு. கட்டிப்போட்டிருந்த ஆடு இரண்டும் போச்சு.

பதில் சரியானதுதான் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துறைமுகக் கூண்டு புயலுக்கும் காற்றுக்கும். எத்தனை செ.மீ. பெய்யும் என்று அது சொல்லாது. ஆனால் அவர் கேட்டது கூண்டைப் பற்றியா? சாமானை எடுத்து மேலே வைக்கட்டுமா, ஆட்டை அவிழ்த்து விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்க அவரிடம் இருந்த சொல் கூண்டு. தனுஷ்கோடியில் பிறந்தவர், 1964 டிசம்பர் புயலில் தப்பி வந்த குடும்பம். அந்த வீட்டில் ஆபத்து என்றால் காற்றும் கடலும்தான். வானத்திலிருந்து விழுகிற தண்ணீரை யாரும் ஆபத்தில் சேர்த்ததில்லை.

நானும் சேர்க்கவில்லை. வேலையில் முறைத்துக்கொண்டால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். ஊருணி நிரம்பினால் பொங்கல் வைக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு மழைக்கு முன்னால் 'வெறும்' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இது சமாதானமா, காரணமா என்று எனக்கே பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது பாம்பனில் ஏழாம் எண் கூண்டு. அன்றைக்கு இதே ஆத்தாவிடம் "வரும் ஆத்தா, கட்டாயம் வரும்" என்று சத்தம் போட்டு, வரமாட்டேன் என்றவரைப் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப் போனேன். புயல் மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அங்கேயே நின்றுவிட்டது. பெருமழை சிதம்பரம் பக்கம் போனது. மையத்தில் ராத்திரி முழுக்க உப்புமா, கொசு. திரும்பும்போது அவர் கேட்டார்: "வரும்னியே தாயி, எங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். 2024இல் என் வாயை அடக்கியது அந்தச் சிரிப்பா? இருக்கலாம். இப்படிச் சொன்னால் பழி பாதி ஆத்தா மேல் போய்விழுகிறது. அதுவும் சரியில்லை.

தண்ணீர் வடிந்தபின் கணக்கெடுக்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ என்ன செய்வே, கூண்டு ஏத்தலையே" என்று சொல்லி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது நான் சொல்லும் விதம் மாறியிருக்கிறது. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று அறிக்கையில் வருவதை அப்படியே வாசிப்பதில்லை. 20 செ.மீ.க்கு மேல் பெய்தால்தான் 'அதி' என்று எங்களுக்குத் தெரியும். கேட்கிறவருக்கு மூன்றும் ஒன்று. ரேஷன் கடைச் சுவரில் அன்றைக்குத் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். "கோடு வரைக்கும் வரலாம்" என்றால் புரிகிறது. 2022இல் தண்டோராவை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தபின் மைக் கட்டிய ஆட்டோதான். அது மணல் சந்துக்குள் போகாது. (தண்டோரா போட்டவரின் மரியாதையை நினைத்தால் நிறுத்தியது நியாயம்தான்.) சந்துக்குள் நானோ தலையாரியோ நடக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், இப்போது எல்லா மழைக்கும் சொல்கிறேன். கோடு வரைக்கும் வரலாம் என்று நான் சொன்ன நாட்களில் ஒரு நாள்கூட அது கோட்டுப்பக்கம் வரவில்லை.

போன ஐப்பசியில் ஆத்தாவே கூப்பிட்டார். "வெறும் மழையா, நெச மழையா?"

"தெரியலை ஆத்தா. எதுக்கும் சாமானை மேலே தூக்கி வச்சிருங்க."

"நீ தெனமும் தூக்கச் சொல்றே தாயி. முதுகு எனக்கில்ல வலிக்குது" என்றார். போனை வைத்துவிட்டார். சாமானைத் தூக்கி வைத்தாரா என்று நான் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.