மதுரை போகும் வழியில் சாப்பிட்டவை

வெந்நீர் ஊற்றி எட்டு நிமிடம் மூடி வைக்கவும் என்று உப்புமா டப்பாவின் மேல் அச்சிட்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. பணிப்பெண் வந்து, "மேடம், தட்டை மடித்துவிடுங்கள்" என்றார். மடித்தேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். புடவையைத் தாண்டிச் சூடு தொடையில் இறங்கியது. சன்னலுக்குக் கீழே மதுரையின் கண்மாய்கள் தெரிய ஆரம்பித்தபோது மூடியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். ரவை இன்னும் நீந்திக்கொண்டிருந்தது.

எனக்கு வேலை சென்னையில், அம்மா மதுரையில். பதினொரு ஆண்டுகளாக மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த வழியில் போய்வருகிறேன். அவசரமென்றால் விமானம், அலுவலகத்தில் விடுப்பு கிடைத்தால் பகல் ரயில், எதிலும் இடம் கிடைக்காவிட்டால் பஸ். வழியில் என்ன சாப்பிட்டேன், யார் எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். மதிப்பெண்ணும் உண்டு, பத்துக்கு. அந்த உப்புமாவுக்கு இரண்டு கொடுத்தேன். ஒன்று சூட்டுக்கு, ஒன்று டப்பா கவிழாமல் நின்றதற்கு.

உப்புமாவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மதுரைக்குப் பறக்கும் சிறிய ஏடிஆர் விமானத்தில் இருக்கைகள் எழுபத்தெட்டு, பணிப்பெண்கள் இருவர். ஏறியது முதல் இறங்குவது வரை ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதையும், மேலே ஏறுவதையும், கீழே இறங்குவதையும் கழித்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க அரை மணி நேரம்தான் மிஞ்சும். அதற்குள் எழுபது பேரிடம் கேட்டு, எடுத்துக் கொடுத்து, காசு வாங்கி, கார்டு தேய்த்து, குப்பையையும் திரும்ப வாங்க வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு விமானப் பணிப்பெண்கள் சிரிக்கவில்லை என்று நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஆனால் எட்டு நிமிடம் ஊற வேண்டிய பண்டத்தை அந்த அரை மணி நேரத்துக்குள் விற்கலாம் என்று நாற்காலியில் அமர்ந்து முடிவு செய்தவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவரை விடுவதாக இல்லை.

வானத்தில் நாக்கு மந்தமாகும் என்பதும் உண்மைதான். கேபின் காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு; மூக்கு உலர்ந்தால் பாதி ருசி போய்விடும். லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2010-இல் செய்த சோதனையில், உயரத்தில் உப்பும் இனிப்பும் மங்கித் தெரிவதாகக் கண்டார்கள். 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இரைச்சலை மட்டும் தனியாக வைத்துச் சோதித்தார்கள். விமான இரைச்சலில் இனிப்பு குறைந்தது. தக்காளி போன்றவற்றில் இருக்கும் உமாமி என்ற சுவை மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அப்படியென்றால் விமானத்தில் கொடுக்க வேண்டியது நல்ல தக்காளி ரசம். ஒரு காகிதக் கோப்பையில் சூடாக ஊற்றிக் கொடுத்தால் போதும். ஊற வேண்டியதில்லை, மெல்ல வேண்டியதில்லை, மூக்கும் திறந்துகொள்ளும். இந்தத் தடத்தில் இதுவரை ஒருவரும் கொடுக்கவில்லை.

பெரிய விமானங்கள் உயரப் பறக்கும்போது கேபினுக்குள் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குரிய காற்றழுத்தம் இருக்கும். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால் தேநீர் சரியாக இறங்காது. மதுரை விமானம் அவ்வளவு உயரம் ஏறுவதே இல்லை. ஆகவே அதில் கொடுக்கும் தேநீருக்கு இந்தச் சாக்கு செல்லாது. அது கீழேயே கெட்டுப்போய்த்தான் மேலே ஏறுகிறது. இப்போதெல்லாம் விமானம் ஏறும் முன்பே குடித்துவிடுகிறேன். சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ பத்து ரூபாய். விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீ குடிக்கும்போது ஏதோ ஏமாற்றி வாங்கிவிட்டது போல ஒரு கள்ளச் சந்தோஷம் வருகிறது.

விமானத்தில் முதன்முதலில் உணவு கொடுத்தது 1919 அக்டோபரில், லண்டனிலிருந்து பாரிஸ் போன ஹேண்ட்லி பேஜ் விமானத்தில் என்பார்கள். மூன்று ஷில்லிங்குக்கு ஒரு பெட்டி. எல்லாம் ஆறிய பண்டங்கள்தான். ஆறிய பண்டம் என்று சொல்லி ஆறிய பண்டத்தையே கொடுத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் 2003-இல் ஏர் டெக்கான் வந்து, சாப்பாடு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இந்தியன் ஏர்லைன்ஸில் ஒருமுறை போயிருக்கிறேன். ஏறியவுடன் தட்டில் மிட்டாய் நீட்டினார்கள். ஒன்று எடுத்தால் போதுமா, இரண்டு எடுக்கலாமா என்று யோசித்ததில் மேகத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

இனி ரயில். உணவுக்கும் சேர்த்து டிக்கெட் விற்கும் பகல் ரயில்கள் இப்போது தெற்கே ஒன்றுக்கு மேற்பட்டவை ஓடுகின்றன. முன்பதிவு செய்யும்போதே உணவு வேண்டாம் என்று குறித்தால் அந்தத் தொகை கழியும். போன தையில் வேண்டும் என்று குறித்தேன். ரயிலின் பெயர் வேண்டாம்.

புறப்பட்ட சிறிது நேரத்தில் தண்ணீர்ப் புட்டி வந்தது. பிறகு செய்தித்தாள். பிறகு தட்டு. அலுமினியத் தாள் மூடிய இரண்டு சிறு பெட்டிகள், சாம்பார் ஒரு கிண்ணத்தில், ஊறுகாய் ஒரு பொட்டலத்தில், காகித உறையில் மர ஸ்பூன். 2022 ஜூலையில் பிளாஸ்டிக் ஸ்பூனுக்குத் தடை வந்தபிறகு எங்கும் இதுதான். தடை நல்லதுதான், ஆனால் எதை எடுத்து வாயில் வைத்தாலும் முதலில் குச்சி ஐஸின் குச்சி ருசிக்கிறது.

முதல் பெட்டியில் பொங்கல். அதை நான்காக வெட்டித் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கலாம் போல இறுகியிருந்தது. இரண்டாவதில் வடை. அந்த வடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகாலை ரயிலுக்கு நள்ளிரவிலேயே அடுப்பு மூட்டியாக வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த வடைக்குள் ஆவி இருக்கும். அது வெளியே போக வழி வேண்டும். வீட்டில் கூடையில் போட்டு வைப்பது அதற்காகத்தான். சூட்டோடு பெட்டியில் போட்டுத் தாளால் இறுக மூடினால், ஆவி மேலே முட்டித் தண்ணீராகி வடையின் மீதே சொட்டும். அப்புறம் அதைச் சூடு பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்தால், வடை தன் வியர்வையிலேயே குளித்து எழும். என் கைக்கு வந்தது அப்படிப்பட்ட ஒன்று. விரலால் அழுத்தினேன், அமுங்கியது. விரலை எடுத்தேன், எழவில்லை.

பொருள் மட்டம் என்று சொல்ல மாட்டேன். உளுந்து நல்ல உளுந்து, மிளகு முழு மிளகு. சமைத்தவருக்கும் கை வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குச் சாப்பிடப்போகிறவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு எதைச் சமைப்பது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பிரியும் கிளைப் பாதையில் காஞ்சிபுரம். அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, மூங்கில் கூடையில் மந்தாரை இலை வைத்து வேகவைக்கும் இட்லி, ஆறினால்தான் இன்னும் நன்றாக இருக்கும். இந்தப் பக்கம் மதுரையில் அழகர்கோயில் தோசை. பொரிந்து மொறுமொறுவென்று இருக்கும். ஊருக்கு எடுத்துப் போய் மறுநாளும் சாப்பிடுவார்கள். கெடாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த பண்டங்கள் இவை. வழியில் உண்பதற்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்று தனிச் சொல்லே உண்டு. ஆறு என்றால் வழி. இவ்வளவும் இருக்க, நாம் அலுமினியத் தாளுக்குள் வடையை அவிக்கிறோம்.

அந்த ரயிலில் உபசரிப்புக்கு மட்டும் ஒன்பது கொடுத்தேன். வடக்கிலிருந்து வந்த பையன், இருபது வயதுக்குள் இருக்கும். முதல் சுற்றிலேயே யார் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டார்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் கேட்காமலே கொடுத்தான். என் எதிரே இருந்த பெரியவரால் பொட்டலத்தைப் பிரிக்க முடியவில்லை; பையன் போகிற போக்கில் வாங்கிக் கிழித்துக் கொடுத்துவிட்டு நடந்தான். பத்தாவது மதிப்பெண் எங்கே போனதென்றால், இறங்குவதற்கு முன் சோம்புத் தட்டு ஒன்று வந்தது. சோம்பின் மேல் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை அனுப்பியவர் கதவருகே நின்றிருந்தார். இருபது ரூபாய் வைத்தேன். சோம்பு எடுக்கவில்லை.

வைகையில் இந்தத் தட்டு வேலைகள் கிடையாது. 1977 ஆகஸ்ட் 15 அன்று, மீட்டர் கேஜ் காலத்தில் ஓடத் தொடங்கிய ரயில். காலையில் மதுரையை விட்டால் மதியம் இரண்டு மணியை ஒட்டி எழும்பூர். யாரும் எதையும் உங்கள் முன் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கும் குரல் அவர்கள் குரலைவிடச் சற்று உரக்க இருக்க வேண்டும். திண்டுக்கல் பக்கம் கொய்யாவை நான்காகக் கீறி மிளகாய்ப் பொடி தூவி நீட்டினார்கள். எட்டு மதிப்பெண், பொடியில் உப்பு அதிகம். டீக்காரர் கேனோடு மூன்று முறை கடந்தார். மூன்றாவது முறை, "அக்கா, இது புதிதாகப் போட்டது, இப்போது குடியுங்கள்" என்று அவரே சொன்னார். அப்படியானால் முதல் இரண்டு முறை வந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. வியாபாரத்தில் இவ்வளவு நேர்மை எனக்குப் போதும்.

மணப்பாறையில் முறுக்கு. இதை ஒருமுறை எண்ணெயில் போட்டு அரைப் பதத்தில் எடுத்து, ஆறவைத்து, மறுபடியும் பொரிக்கிறார்கள். அந்த ஊர்த் தண்ணீரின் உப்புதான் ருசி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது பொரிப்பு. உள்ளே ஈரம் மிச்சமில்லாமல் போவதால் பையில் கட்டினாலும் நமுக்காது. ஒரு பொட்டலம் வாங்கினால் அரியலூருக்குள் தீர்ந்துவிடுகிறது என்பதால் எப்போதும் இரண்டு. இதுவரை பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே பண்டம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம் என்று அம்மா சொல்வார். அம்மா கட்டினால் சரி. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவிய இட்லி, வாழை இலையில் மதியம் வரை மெத்தென்று இருக்கும். நான் கட்டினால் வேறு கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், எழும்பூரிலிருந்து மதிய வைகையில் கிளம்பியபோது, தயிர்ச் சாதம் தாராளமாக இருக்கட்டும் என்று கெட்டித் தயிரையே ஊற்றிப் பிசைந்தேன். திருச்சி தாண்டி டப்பாவைத் திறந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் சன்னலை நிமிர்த்தினார். நோட்டில் அதற்கும் மதிப்பெண் இருக்கிறது: பூஜ்யம். உபசரிப்பு என்ற கட்டத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டுக் கணக்கு சொல்லித் தந்தார். குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலைத்தான் ஊற்ற வேண்டும். தயிர் உறைக்குத்தான்; பயண நேரத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். ரயில் ஓட ஓட உறைந்து, திறக்கும் நேரத்துக்குத் தயிர்ச் சாதமாகியிருக்கும். மார்கழியில் ஒரு கரண்டி, சித்திரையில் ஒரு ஸ்பூன்.

இந்த மாதம் மறுபடியும் மதிய வைகை. பதினொன்றரைக்குப் பிசைந்தால், ஏழு மணிக்குள் திருச்சி. வெயில் நூறு டிகிரிக்கு மேல். அரை ஸ்பூன் போதும் என்று நினைக்கிறேன்.