ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்த உதட்டுப்பிளவு

குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க ஐந்தாம் மாதம் எடுக்கும் அனாமலி ஸ்கேனில்தான் எங்களுக்குத் தெரிந்தது. குழந்தை கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததால், "கொஞ்சம் நடந்துட்டு, ஜூஸ் குடிச்சிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார் ஸ்கேன் டாக்டர். திரும்பி வந்து படுத்தபோது கை விலகியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் உதட்டுப்பிளவு கண்ணில் படாமலே போகலாமாம். முகத்துக்கு நேரே, தாடை, உதடு, மூக்குத்துளை மூன்றும் ஒன்றாகத் தெரியும் கோணத்தில் நிறுத்தினார். மேலுதட்டின் இடப்பக்கம் மூக்குத்துளை வரை கறுப்பாக ஒரு கோடு.

"உதட்டுல பிளவு தெரியுதும்மா. அண்ணத்தை, அதாவது வாயோட மேற்கூரையைப் பத்தி இப்போ உறுதியாச் சொல்ல முடியாது."

ஏன் முடியாது என்று விடாமல் கேட்டேன். தாடை எலும்பின் நிழல் விழுந்து பின்னால் இருப்பதை மறைத்துவிடும், நாக்கும் அண்ணத்தை ஒட்டியே கிடக்கும் என்றார். 3டி படத்தில் உதடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆனால், அண்ணத்தின் பின்பகுதிக்கு அதுவும் போதவில்லை.

அடுத்து இதயத்துக்குத் தனியாக எக்கோ, மற்ற உறுப்புகளை இன்னொரு முறை நிதானமாகப் பார்ப்பது என்று ஓடியது. பிளவோடு வேறு குறை இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டத்தில் முக்கியமான கேள்வி. எங்களுக்கு வேறெதுவும் இல்லை. மரபணுக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றியும் விளக்கினார்கள்; யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

வீட்டில் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "கிரகணத்தன்னைக்கு ஏதாவது நறுக்கினியா?" அவரையும் அடுத்த முறை கூட்டிப்போனேன். மேலுதடு கருவின் ஏழாவது வார வாக்கிலேயே சேர்ந்துவிடுகிறது, பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகிற நேரமே அதுதான், இதில் தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அத்தை அதற்குப் பிறகு கிரகணப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அது பெரிய விடுதலை.

பிரசவத்துக்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தது ரொம்பவே உதவியது. இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்துக்குள், எடையும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் சரியாக இருந்தால் ஆபரேஷன். அண்ணத்துக்கு ஒரு வயதையொட்டி. ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவி பெறும் மருத்துவமனைகளில் இதை இலவசமாகவே செய்கிறார்கள். அண்ணமும் பிளந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, தாய்ப்பாலைப் பீய்ச்சி, நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புகட்ட வேண்டும் என்று அங்கேயே செய்து காட்டினார்கள்.

மகள் பிறந்ததும் குழந்தை டாக்டர் டார்ச் அடித்து, விரல் வைத்துப் பார்த்தார். அண்ணத்திலும் பிளவு இருந்தது. பாலாடை பையில் தயாராக இருந்ததால் முதல் நாளே பால் இறங்கியது.

உதட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. தையல் தடம் மெல்ல மங்கிவருகிறது. அண்ணத்துக்கு நாள் குறிப்பதற்குள் காதைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சகஜமாம்.