தம்புராவை இரைச்சலென்று எண்ணிய மென்பொருள்

சென்ற நவராத்திரிக்கு மகள் பாடிய ஒரு கீர்த்தனையை, ஊரில் இருக்கும் அவள் பாட்டிக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்தபோதுதான் ஒலித்தொகுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. பம்பாயின் மாதுங்காவில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருப்பதால், மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்திய பிறகும் பதிவின் அடியில் ஓர் இரைச்சல் படிந்தே இருந்தது.

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைப்பதற்கு, முதலில் இரைச்சல் மட்டுமே உள்ள ஒரு சிறு பகுதியை அதற்குக் காட்ட வேண்டும். பிறகு அதே தன்மையுடைய ஒலியை முழுப் பதிவிலிருந்தும் அது தணிக்கும். மகள் பாடத் தொடங்குமுன் இருந்த நான்கு வினாடிகளை நான் காட்டினேன். அந்த நான்கு வினாடிகளிலும் மின்னணுத் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காட்டிய பகுதியில் இருந்ததெல்லாம் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்ட மென்பொருள், தம்புராவைத் துடைத்தெடுத்ததோடு நில்லாமல், தம்புரா ஒலிக்கும் அதே ஸ்வரங்களான ஷட்ஜத்திலும் (ஸா) பஞ்சமத்திலும் (பா) அவள் மெல்லிய குரலில் நின்ற இடங்களையும் அரித்துவிட்டது. மிஞ்சிய குரல் தண்ணீர்ப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. “என் ஸாவைக் காணோமேப்பா” என்றாள்.

அடுத்த முறை தம்புராவை ஹெட்ஃபோன் வழியாக அவள் காதுக்கு மட்டும் கொடுத்து, குரலைத் தனி டிராக்கில் பதிந்தேன். யாரும் பேசாத அறையின் ஒலியையும் அரை நிமிடம் பிடித்து வைத்துக்கொண்டேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வடிகட்டியதில், மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் அடங்கியது. சிறுமியின் குரலுக்கு அந்த ஆழத்தில் வேலையும் இல்லை.

மிருதங்கத்தில் வேறொரு பாடம் காத்திருந்தது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட ஒரு முழுச் சுற்றை, வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டினால் போதும் என்று கணக்குப் போட்டேன்: நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் எட்டு அட்சரத்துக்கு 6 வினாடி, ஒலியைக் கணினி அளந்து வைக்கும் புள்ளிகளான மாதிரிகள் வினாடிக்கு 44,100 வீதம் 2,64,600 மாதிரிகள். கணக்கு சரி, ஆனால் வாசித்தவர் கடிகாரம் அல்லர். அவர் சில இடங்களில் இழுத்து, சில இடங்களில் முந்தியிருந்ததால், கணக்கின்படி வெட்டிய இடம் ஒரு மிருதங்கச் சொல்லின் (தட்டொலியின்) நடுவே போய் விழுந்தது; திரையில் தெரியும் ஒலியின் அலைவடிவம் நடுவிலுள்ள பூஜ்யக் கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டியதால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒரு ஒலியும் சேர்ந்துகொண்டது. எண்களை விட்டுவிட்டு, சுற்றின் தொடக்கமான சமத்துக்குச் சற்று முன்னால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியைக் காதாலும் கண்ணாலும் தேடி வெட்டத் தொடங்கியபின்தான் அது தாளமாக ஓடியது.

இந்தத் துணிச்சலில், எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் பொங்கலுக்குப் போட்ட நாடகத்தின் ஒலிகளுக்கும் பொறுப்பேற்றேன். மழை வேண்டும் என்றார்கள். பம்பாயில் மழைக்கா பஞ்சம்! ஜூலையிலேயே பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினால், பழைய வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வரும் சீறல் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. எண்ணற்ற துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, தனித்துளி எதுவும் பதிவில் காதுக்குப் பிடிபடுவதில்லை. அந்த மழையைப் பின்னணியில் தாழ்த்தி வைத்து, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின்மேல் சொட்டிய தண்ணீரையும், வாணலியில் கடுகு வெடிக்கும் ஓசையையும் முன்னால் சேர்த்தபோது மழை நம்பும்படியாகப் பெய்தது. கடுகு ஒரு கைப்பிடி வீணானதற்கு வீட்டில் கிடைத்த வசவைப் பதிவு செய்யவில்லை.

நாடகத்துக்கு வேண்டிய ஒலிகளில் ரயில்தான் கடைசிவரை படுத்தியது. மாதுங்காவில் நிற்காமல் பாயும் ஃபாஸ்ட் லோக்கலின் ஊதலைப் பாதையோரச் சுவரருகே நின்று பிடித்ததில், மைக் தாங்காத சத்தத்தால் அலையின் உச்சிகளெல்லாம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிட்டன. அப்படிச் சீவப்பட்டதைப் பிறகு எவ்வளவு தாழ்த்தினாலும் கரகரப்பு போவதில்லை. மைக்கின் அளவைக் குறைத்து, மொட்டை மாடிக்கு இடம் மாறி, மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் கிடைத்த பதிவில் ஊதலின் நடுவே ஒரு காகம் கரைகிறது. அதை வெட்டாமலே நாடகத்தில் போட்டேன்.