மூடுபனிக்கு மை கிடையாது

சேலத்தில் பிரிண்டிங் என்றாலே ஃபிளெக்ஸ்தான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் சாயங்காலம் கொடுத்தால் விடிவதற்குள் கம்பத்தில் கட்டிவிடலாம். எங்கள் வேலையும் தாளில் மை தெளிப்பதுதான். ஆனால் ஓர் ஓவியத்தையோ பழைய போட்டோவையோ பிரதி எடுக்கும்போது மெஷின் ஓடுகிற நேரம் ரொம்பக் கொஞ்சம். பார்ப்பதிலும், எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுப்பதிலுமே பொழுது போகும்.

இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் ஏற்காட்டு ஓவியர் ஒருவரின் நீர்வண்ணப் படங்களில் இருக்கிறது. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் இடுப்பு வரை மூடுபனி. அந்தப் பனியை அவர் தீட்டவில்லை. தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டிருக்கிறார், அதுதான் பனி. ஸ்கேன் செய்தால் அந்த வெள்ளை வெள்ளையாக வராது. தாளின் சொரசொரப்பில் விழும் நிழலும் அதன் இளமஞ்சளும் சேர்ந்து மெல்லிய சாம்பலாகப் பதிவாகும். அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினால், பனி இருக்கும் இடமெல்லாம் மெஷின் சாம்பல் புள்ளிகளைத் தெளித்துவிடும். பனி, துவைக்காத வேட்டி மாதிரி தெரியும். சரி, வெளுத்துவிடலாம் என்று ஒரே இழுப்பில் வெளிச்சத்தைக் கூட்டினால் பனியின் ஓரம் போய்விடும். வண்ணம் தண்ணீரில் கரைந்து, மரம் தெரிந்தும் தெரியாமலும் நிற்கிற ஓரம் அது. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதனால் தாளில் இருந்துதான் தொடங்குவோம். சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவுள்ள, பளபளப்பில்லாத பருத்தித் தாள். வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த தாளை இதற்குத் தொடுவதில்லை. அந்த ரசாயனம் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் தாள் பளிச்சென்று இருக்கிறது. நாளடைவில் அதன் வீரியம் குறைந்ததும் தாள் மஞ்சளித்துத் தெரியும். தாளே பனியாக இருக்கும் படத்துக்கு அது எப்படிச் சரிப்படும்? பிறகு அந்தத் தாளுக்கென்றே வண்ணக் கட்டங்களை அச்சிட்டு, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து கலர் ப்ரொஃபைல் போட வேண்டும், அதாவது அந்தத் தாளில் எந்த நிறம் எப்படி விழும் என்று மெஷினுக்குச் சொல்லும் ஃபைல். அதற்கப்புறம் கைவேலை: பனிப்பகுதியில் மை அறவே விழாத நிலை வரும் வரை வெளிச்சத்தை மெல்ல ஏற்றி, ஓரம் வந்ததும் நிறுத்துவது. எங்கே நிறுத்துவது என்பதில் எந்தத் தானியங்கி வசதியையும் நான் நம்புவதில்லை.

மாதிரிப் பிரிண்டை அசலோடு ஜன்னலோரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஓவியர் தொட்ட நிறமியும் எங்கள் மையும் வேறு வேறு. எல்இடி விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடும். வருகிறவர்கள் பலர் அசலை விட்டுவிட்டு செல்போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, “டல்லா இருக்குதுங்களே” என்பார்கள். போன் திரை தானே ஒளி விடுகிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். இதைப் பொறுமையாகச் சொல்வதும் வேலையில் சேர்ந்ததுதான்.

தஞ்சாவூர் ஓவியம் வந்தால் சிக்கல் வேறு. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பைத் தவிர்க்க விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியைப் போட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் வண்ணங்கள் அருமையாக வரும். தங்க ரேக்கோ உலோகம், கறுத்துவிடும். அதற்குத் தனியாக ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்க்கிறோம். எவ்வளவு செய்தாலும் மையில் தங்கம் மினுங்காது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

மனசுக்கு நெருக்கமானவை பழைய ஸ்டூடியோ போட்டோக்கள். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ இருந்த ஊர் இது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. வீட்டுப் போட்டோக்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் வேண்டுமென்றால் பிரஷ்ஷால் தீட்டுவார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெரியவர் அப்படி ஒரு படம் கொண்டுவந்தார். “தம்பி, எங்கப்பாரு கன்னத்துல செவப்பா என்னமோ படிஞ்சிருக்குது, அதை எடுத்துருங்க” என்றார். “ஐயா, அது கறை இல்லீங்க. ஸ்டூடியோக்காரர் கையால போட்ட கலருங்க” என்று லென்ஸ் வைத்துக் காட்டினேன். சரிகைக் கரையிலும் அதே பிரஷ்ஷின் தடம் இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப இருக்கட்டுங்க” என்றார். இருண்ட பகுதிகளில் வெள்ளி மேலெழும்பிப் பூத்திருந்த நீலப் பளபளப்பையும், பூஞ்சைப் புள்ளிகளையும், மடிப்புக் கோட்டையும் நீக்கினோம். அவை காலம் செய்தவை. கை செய்ததை நீக்க எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். யாராவது பிடிவாதமாகக் கேட்டால், தொடாத ஃபைல் ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991-ல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகம் ஐரிஸ் என்ற இங்க்ஜெட் பிரிண்டரில் கலைப் பிரதிகள் போடத் தொடங்கிய காலத்தில் இருந்தது டை மை, அதாவது கரைந்த சாயம். அது வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தது. கரையாத நிறமித் துகள்களால் ஆன இப்போதைய பிக்மென்ட் மை பல மடங்கு தாங்கும். ஆனாலும் ஏற்காட்டு ஈரம் சும்மா விடாது. கண்ணாடியும் பிரிண்டும் ஒட்டாமல் நடுவே மவுன்ட் போர்டு என்ற கெட்டி அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்கிறேன், வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம் என்கிறேன்.

பிரிண்டின் பின்பக்கம் தாளின் வகை, மை, அச்சிட்ட தேதி, ‘பிரதி’ என்ற சொல், எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுகிறோம். ஏற்காட்டு ஓவியர் தன் படத்துக்கு 25 பிரதிகள் என்று வரம்பு வைத்து ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார். இருபத்தாறாவதைக் கேட்டு ஒரு ஹோட்டல்காரர் வந்தார். ஓவியரும் நானும் சேர்ந்தே முடியாது என்றோம். அவருக்காக ஓவியர் வேறொரு படம் வரைந்துகொண்டிருக்கிறார்.