தாப்பா வெக்கையில் சிவப்பு ரோஜா: தீபாவளிப் பூவுக்கான நாட்குறிப்பு

24 ஆகஸ்ட் 2025

தீபாவளி அக்டோபர் 20. அன்றைக்குச் சாமி மேடையில் நீளக் காம்போடு சிவப்பு ரோஜா வைக்க நினைப்பவர்கள் இப்போதே நாள் எண்ணத் தொடங்க வேண்டும். நீளக் காம்பில் பெரிய பூ விடும் ஹைபிரிட் டீ வகை ரோஜாவைக் கவாத்து செய்த (கிளை வெட்டிய) நாளிலிருந்து பூ விரிய, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் தாப்பா வெக்கையில் 40 முதல் 45 நாள் பிடிக்கும். மலைப்பக்கம் இன்னும் கூடும். செப்டம்பர் 5-ஐ ஒட்டிக் கத்தரியை எடுத்தால் சரியாக வரும்.

அதற்கு முன் செடிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் இலை உதிர்ந்து நிற்கும் செடியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இலை இருந்தால்தான் தண்டில் மாவுச்சத்து சேரும். அந்தச் சேமிப்பில்தான் வெட்டிய பின் துளிர் வரும். மொட்டையாக நிற்பதை வெட்டுவது கையில் காசில்லாமல் சீட்டுக் கட்டுகிற கதை. அதன் மொட்டுகளை மட்டும் கிள்ளிவிட்டு, இலை நிறையும்வரை விட்டுவைப்பது நல்லது.

26 ஆகஸ்ட்

‘அண்ணே, கேமரன்ல வாங்கின ரோஜா மூணே மாசத்துல மொட்டையாயிடுது’ என்பது இங்கே ஓயாத புலம்பல். தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல். அங்கே பூப்பண்ணைகளில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் வளரும் செடியின் இலையில் மழையே படுவதில்லை. அதைக் கொண்டுவந்து திறந்த முற்றத்தில், மாலை மழையில் வைத்தால் கரும்புள்ளி நோய் வந்து இலை கொட்டாமல் என்ன செய்யும்?

வாங்கி வந்ததும் தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு வாரம் போர்ட்டிக்கோ ஓரத்தில், வெளிச்சம் உண்டு மழை இல்லை என்கிற இடத்தில் வையுங்கள். பிறகு காலை வெயில் 5, 6 மணி நேரம் விழும் கிழக்குப் பக்கம். மேற்கு வெயில் சிவப்பு ரகங்களுக்கு ஆகாது: கருஞ்சிவப்பு இதழ் சூட்டை இழுத்து ஓரம் கருகிவிடும். முதல் இரண்டு மாதம் வரும் மொட்டுகளையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். கடையில் பூவைப் பார்த்து வாங்கியவர்களுக்கு இதற்கு மனசு வராது, தெரியும்.

ரகப் பெயர் எழுதி விற்பது குறைவு. பெயரோடு கிடைத்தால் மிஸ்டர் லிங்கன் நல்லது. 1964-இல் வந்த ரகம். நீளக் காம்பு, நல்ல வாசம். பாப்பா மெய்லாண்ட் (1963) அதே தாய் தகப்பன் வழி வந்ததுதான். வாசத்துக்கு ஈடில்லை, நோய் வாங்குவதிலும் ஈடில்லை. கிரைஸ்லர் இம்பீரியல், கிரிம்சன் குளோரி இரண்டும் பூ முதிர முதிர ஊதா தட்டும். பூஜைக்குச் சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு அது குறையாகப் படும்.

30 ஆகஸ்ட்

மண் வேலை. நம் பக்கத்து மண் புளிப்பு. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை கார அமில நிலை (pH) வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் போடும் ஜி.எம்.எல். (அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல்) சுண்ணாம்பே போதும்: சதுர மீட்டருக்கு 100 கிராம், தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி. தூவி, மேல்மண்ணில் கிளறி, தண்ணீர் விடுங்கள். இதோடு சேர்த்து உரம் போடக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் உரத்தில் உள்ள அம்மோனியச் சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

புதிதாக நடுகிறவர்களுக்கு: மேல்மண் மூன்று பங்கு, மக்கிய மாட்டுச்சாணம் அல்லது ஆட்டெரு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. தரையில் என்றால் ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். பச்சைக் கோழிச்சாணம் வேண்டாம், வேர் வெந்துபோகும்.

மூடாக்குக்கு, அதாவது மண்ணை மூடிப் பரப்ப, செம்பனை மில்லிலிருந்து வரும் வெறுங்குலை (பழம் எடுத்த குலை) அருமையான பொருள். மழைத்துளி மண்ணில் தெறித்து அடியிலைக்கு ஏறாது. ஆனால் பழசாகிக் காய்ந்ததைப் பிய்த்து, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழு வைக்கும்.

5 செப்டம்பர்

கவாத்து. நாலைந்து செடி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டை இன்று, மீதியை மூன்று நாள் கழித்து வெட்டுங்கள். மழை மூட்டம் வந்தால் பூ பிந்தும், நல்ல வெயில் அடித்தால் முந்தும்; இரண்டுக்கும் ஈடுகொடுக்கலாம்.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் ஓரடி விட்டு ஒட்ட வெட்டச் சொல்வார்கள். அங்கே செடி குளிர்காலம் முழுக்க உறங்கி எழும். இங்கே அதற்கு உறக்கமே இல்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், மிஞ்சிப்போனால் பாதி. நல்ல இலையில் பாதியாவது மிஞ்ச வேண்டும். முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, பென்சிலைவிட மெலிந்தது, நடுவில் குறுக்கே போவது. பிறகு மீதிக் கிளைகளில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, சற்றுச் சாய்வாக ஒரு வெட்டு. வெட்டுவாயைப் பாருங்கள்: நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பு வட்டம் தெரிந்தால் உள்ளே கருகல் இறங்குகிறது என்று அர்த்தம். வெள்ளை தெரியும்வரை கீழே கீழே வெட்டிக்கொண்டே போங்கள். இதற்கு இரக்கம் பார்த்தால் கருகல் ஒட்டுப்போட்ட இடம் வரை இறங்கி, கிளை மொத்தமும் போகும். செடிக்குச் செடி கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பதும், வெட்டுவாயில் மேங்கோசெப் என்கிற பூஞ்சை மருந்தின் குழம்பைத் தொட்டு வைப்பதும் அரை நிமிட வேலை.

8 செப்டம்பர்

தோட்டத்து ஊரில் மட்டும் வரும் ஒரு கோளாறு. கவாத்துக்குப் பின் வரும் துளிர் நூல் நூலாக ஒடுங்கி, ஒரே கணுவில் கொத்தாக நிற்கும். வைரஸ் என்று பயந்து செடியைப் பிடுங்கிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் புல் மருந்து. செம்பனை வரிசையில் கிளைபோசேட் அடித்த அதே முதுகுப் பம்பைக் கழுவிவிட்டு ரோஜாவுக்குப் பூஞ்சை மருந்து அடித்திருப்பார்கள். இரண்டு தடவை அலசினாலும் ரப்பர் குழாயிலும் வாசரிலும் மிச்சம் தங்கும். பச்சைத் தண்டில் பட்டாலும் ரோஜா அதை உறிஞ்சிக்கொள்ளும். பாதிப்பு உடனே தெரியாது, அடுத்த துளிரில்தான் தெரியும். ரோஜாவுக்கென்று ஒரு சின்னக் கைப்பம்பு தனியாக வாங்கி, பெயின்ட்டில் ‘பூ’ என்று எழுதி வையுங்கள். லேசாகப் பட்ட செடி இரண்டு மூன்று துளிரில் தானே தேறும். உரம் போட்டு விரட்ட வேண்டாம்.

16 செப்டம்பர்

துளிர் விரல் நீளம் வந்திருக்க வேண்டும். இப்போது உரம்: 12:12:17:2 நீல உரம், தரைச் செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, தொட்டிக்கு அரை. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில் போடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை.

ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வரும் காட்டுத்தண்டையும் இப்போதே கவனிக்க வேண்டும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தண்டு என்பது பாதி உண்மைதான். செழித்த ஹைபிரிட் டீ கிளையும் ஏழு விடும். மல்ட்டிஃபுளோரா என்கிற காட்டு ரோஜா வேரில் ஒட்டியது என்றால் இலைக்காம்பின் அடியில், தண்டைத் தொடும் இடத்தில் உள்ள சிறகைப் பாருங்கள்: அதன் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கும். நல்ல கிளையில் ஓரம் மழமழவென்று இருக்கும். காட்டுத்தண்டை வெட்டாதீர்கள், வெட்டினால் நாலாக வரும். மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்தெடுங்கள்.

25 செப்டம்பர்

சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும் பருவம். கரும்புள்ளி பரவுவது எப்படி என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. டிப்ளோகார்ப்பன் ரோசே என்கிற இந்தப் பூஞ்சைக்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் போதும். நாலு மணிக்குப் பெய்த மழை, ஏழு மணிக்கு இருட்டு, மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் இலை காய்கிறது. அது கேட்டதற்கு இரண்டு மடங்கு நேரம் நாமே கொடுத்துவிடுகிறோம். கிழக்கு வெயில், மூன்றடி இடைவெளி, சுவரை ஒட்டி வைக்காதது எல்லாம் காலையில் இலை சீக்கிரம் காய்வதற்குத்தான்.

இலையின் மேல்பக்கம் கறுப்புப் புள்ளி, அதன் ஓரம் இழை இழையாகப் பிசிறடித்திருந்தால் கரும்புள்ளி. ஓரம் தெளிவாக, நடுவில் சாம்பல் நிறம், சுற்றி ஊதா என்றால் அது செர்க்கோஸ்போரா, அவ்வளவு அவசரமில்லை. கரும்புள்ளி இலையைக் கையால் பறித்துக் குப்பையில் போடுங்கள், செடியடியில் விடாதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் வரை உள்ள இலைகளை எடுத்துவிடலாம்.

மருந்து: மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை, இலையின் இரண்டு பக்கமும். இது இலை மேல் படிந்து காப்பது. உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையைக் கொல்லாது. அதனால் புள்ளி வந்த பிறகு அடித்துவிட்டு ‘மருந்து வேலை செய்யல’ என்று கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. காலையில் பனி காய்ந்ததும் அடித்தால் மழைக்கு முன் பிடித்துக்கொள்ளும். கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

2 அக்டோபர்

கிளை நுனியில் மொட்டு தெரிகிறது. ஹைபிரிட் டீ பெரும்பாலும் நடுவில் ஒன்று, பக்கத்தில் ஒன்றிரண்டு என்று விடும். பக்க மொட்டு பச்சைப்பயறு அளவில் இருக்கும்போதே விரலால் ஒடித்துவிடுங்கள். பெரிதானபின் ஒடித்தால் தழும்பும் விழும், சத்தும் வீணாகிப்போயிருக்கும். மொட்டே இல்லாமல் நுனி குருடாக முடிந்த கிளையை இரண்டு கணு கீழே கிள்ளுங்கள். அதன் பூ தீபாவளிக்கு வராது.

10 அக்டோபர்

நிறம் தெரியும் மொட்டின் நுனி கருகியோ கோணலாகவோ இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டினால் மெல்லிய கீற்றுகளாக ஓடும். ஸ்பினோசாட் மருந்தை டப்பாவில் உள்ள அளவுப்படி, மொட்டுகளுக்கு மட்டும், தேனீ வருமுன் விடிகாலையில் அடியுங்கள். தேனீக்காகச் சாயங்காலம் அடிக்கச் சொல்வது வறண்ட ஊர்களுக்குச் சரி; இங்கே அது இலையை இரவு முழுக்க நனைத்து வைக்கும்.

இலை ஓரத்தில் கத்தரித்த மாதிரி அரைவட்டம் இருந்தால் இலைவெட்டித் தேனீ. ஒன்றும் செய்ய வேண்டாம்.

19 அக்டோபர்

பூப் பறிப்பது விடிந்ததும், வெயில் ஏறுமுன். பச்சைப் புல்லிதழ்கள் கீழே மடங்கி, வெளியிதழ் ஒன்றிரண்டு தளர்ந்த பதம். புல்லிதழ் இன்னும் மொட்டை அணைத்துக்கொண்டிருந்தால் பறிக்காதீர்கள். ஜாடியில் விரியாமலே தலை தொங்கிவிடும். அந்தக் கிளையில் ஐந்து சிற்றிலை உள்ள இலைகளில் குறைந்தது இரண்டு மிஞ்சும்படி வெட்ட வேண்டும். காம்பு இன்னும் நீளமாக வேண்டும் என்ற ஆசையில் கிளையை அடியோடு எடுத்தால் அடுத்த பூ அதில் தாமதமாகும், சிறுக்கும்.

வாளித் தண்ணீருக்குள் காம்பை முக்கி அடியில் ஒரு சென்டிமீட்டர் திரும்ப வெட்டி, இரண்டு மணி நேரம் நிழலில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்துங்கள். பிறகு ஜாடிக்கு மாற்றும்போது தண்ணீருக்குள் வரும் இலைகளை மட்டும் உருவிவிடுங்கள். மாலை கட்ட இந்த ரகம் வேண்டாம். அதற்குச் சந்தையில் விற்கிற சின்ன ரோஜாவே போதும், விலையும் குறைவு.